மோத்தா கடை வாசலில் என் குரல்

செப்டம்பர் 1, திங்கள்

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஒருவரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. அதனால் இன்றிலிருந்து நானே எழுதி வைக்கிறேன். இது ஒரு கப்பல் ஏஜென்ட் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமைகள் பொருந்தாது, அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். வீடியோ கேம் மெஷின் விலை மறுபடியும் ஏறிவிட்டது. உலகத்தில் எந்தச் சாமானும் பழசானால் விலை இறங்கும். டி.வி. இறங்கியது, செல்போன் இறங்கியது. இது ஒன்றுதான் வருஷம் ஆக ஆக ஏறுகிறது, நிலம் மாதிரி. போன பொங்கலுக்கே அக்கா வீட்டில் வைத்து, “எழுதி வச்சுக்கோங்க, ஏறும்” என்றேன். (அன்றைக்குப் பேச்சு தங்கத்தைப் பற்றி. ஆனால் ஏறும் என்று சொன்னேனா இல்லையா?)

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. தவசிக்கனி, தூத்துக்குடி. ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தில் இனி எனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று வெளியே வந்தவன். ஹார்பருக்கு வெளியே உள்ள கன்டெய்னர் யார்டில், வருகிற போகிற பெட்டியின் நம்பரையும் கதவில் போட்ட சீலையும் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. டாலி கிளார்க் என்பார்கள். வெளியில் ‘ஹார்பர் இன்சார்ஜ்’ என்று சொல்லிக்கொள்வேன். அதில் தப்பில்லை. நான் நம்பர் எழுதாவிட்டால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெட்டி ஆப்பிரிக்காவிலேயே இருப்பதாகத்தான் அர்த்தம்.

கோமதி அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். மச்சான் சவுதியில். அக்கா மகள் அபி உப்புக் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். கால்பந்து கேமில் அவளை ஜெயிக்க இந்த ஊரில் ஆண்பிள்ளை கிடையாது. கற்றுக்கொடுத்தவன் நான்தான். (கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று மட்டும் அவள் எனக்குச் சொல்லித்தந்தாள்.) ஜூலையில் அவள் பிறந்தநாளுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன்: “செப்டம்பர் ஒண்ணாந்தேதி புது மெஷின் உன் மடியில இருக்கும். மாமா சொன்னா சொன்னதுதான்.” எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இன்று ஒண்ணாந்தேதி.

பெனடிக்ட் மோத்தா கடைக்குப் போனேன். கேம் விற்பதும் மணிக்கு இவ்வளவு என்று விளையாட விடுவதுமாக இருபது வருஷமாக இருக்கிற கடை. மோத்தா விலையைச் சொன்னார். நான் கொண்டுபோனது பழைய விலைக்கு.

“நான் ஏத்தல தம்பி. கம்பெனிக்காரன் ஏத்துதான். எனக்கு மிஞ்சுறது டீக்காசு” என்றார். “அபிக்குத்தான? கொஞ்சம் பழசு ஒண்ணு கிடக்கு. துடைச்சுத் தாரேன், கொண்டு போங்க.”

பழசா? கை தட்டிய கூட்டத்துக்கு முன்னால் பழசைக் கொண்டுபோய் வைப்பதா? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வாசலிலேயே அக்கா. “என்னல தவசி, வெறுங்கையோட வார?”

“வரும்க்கா. அதுல ஒரு விஷயம் இருக்கு.”

என்ன விஷயம் என்று மாடி ஏறும்வரை எனக்கே தெரியாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் அக்காவுக்கு கேஸ் சிலிண்டர் தூக்கி வைத்தேன். சாயங்காலம் புரோட்டாக் கடை. ரெக்ஸனும் அவன் கூட்டாளிகளும் இருந்தார்கள். ரெக்ஸன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஊரிலுள்ள கேம் பையன்களின் வாட்ஸப் குரூப்புக்கு அவன்தான் தலை.

“அண்ணாச்சி, போன வருச கேம்ல ஆளுவளுக்குச் சட்டைய மாத்திவிட்டுட்டு புது கேம்ங்கான். அது என் பதினஞ்சு நாள் கூலி” என்றான். “முன்ன அஞ்சு பேரு சேந்து ஒரு டிஸ்க் வாங்குவோம். இப்ப டிஸ்க் போட மெஷின்ல வாயே வைக்கல.”

டிஸ்க் சுற்று என்று இவர்களிடம் ஒரு முறை உண்டு. ஐந்து பேர் பங்கு போட்டு ஒன்று வாங்கி, வாரத்துக்கு ஒரு வீடாகக் கொண்டுபோவார்கள். எவன் வீட்டில் இருக்கும்போது கீறல் விழுகிறதோ, அவன் மற்ற நாலு பேருக்கும் பொரிச்ச புரோட்டா வாங்கித்தர வேண்டும். இப்போது எல்லாம் டிஸ்க் இல்லாமல் இன்டர்நெட்டில் இறங்குகிறது. ஒருத்தன் பேரில் வாங்கியதை இன்னொருத்தன் தொட முடியாது.

“மெஷினுக்கும் வாய் இல்ல, வாங்குத நமக்கும் வாய் இல்ல” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். ரெக்ஸன் சிரிக்கவில்லை.

“ஆமா, அபிக்கு மெஷின் வந்துட்டா அண்ணாச்சி? ஒண்ணாந்தேதின்னு சொன்னிய?”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. வாய் தானாகத் திறந்தது.

“வாங்கிருப்பேன். பதுக்கல்காரன் கையில என் காசக் குடுக்க மனசு வரல.”

கல்லில் கொத்திக்கொண்டிருந்த மாஸ்டர்கூட நிறுத்திவிட்டார். “யாரு பதுக்குதா?”

சொன்னேன். மோத்தாவுக்கு ஒரு பெட்டி நிறைய மெஷின் வந்து எங்கள் யார்டில் மேற்கு மூலையில் நிற்கிறது, விலை இன்னும் ஏறட்டும் என்று எடுக்காமல் வைத்திருக்கிறார், என் கண்ணால் பார்த்தேன்.

போன மாதம் மோத்தா யார்டுக்கு வந்தார், இது சத்தியம். துபாயிலிருந்து திரும்பிய தங்கச்சியின் வீட்டுச் சாமான் விஷயமாக வந்தார். மேற்கு மூலையில் நிற்கிற நீலப் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார், இதுவும் சத்தியம். நிழலுக்காக நின்றாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

புரோட்டாவுக்குக் காசு கொடுக்க விடவில்லை. ரெக்ஸன் கொடுத்துவிட்டான்.

செப்டம்பர் 6, சனி

ரெக்ஸன் வீட்டுக்கே வந்துவிட்டான். “அண்ணாச்சி, நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கான். நீங்க உங்க வாயால ஒரு வாய்ஸ் போடுங்க. பேரு சொல்லாண்டாம்.”

அக்கா கீழே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாடியில் வைத்து அவன் போனில் பேசினேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பேசினேன். “நான் ஹார்பர்ல முக்கியமான பொறுப்புல இருக்கேன். பேரச் சொல்ல முடியாது. ஏழை வீட்டுப் பிள்ளைக ஆசையில ஒருத்தன் கொள்ளையடிக்கான். பெட்டி நம்பர் சொல்லுதேன்” என்று நம்பரையும் சொன்னேன். “கூடிய சீக்கிரம் தெரு சிரிக்கும். எழுதி வச்சுக்கோங்க.”

எதில் வேண்டுமானாலும் நான் கொஞ்சம் சேர்ப்பேன். பெட்டி நம்பரில் மட்டும் என் வாய் வளையாது. நாலு எழுத்து, ஏழு எண், கடைசி எண் மற்றதற்கெல்லாம் கணக்குச் சரிபார்க்கிற எண். தப்பாகச் சொன்னால் நாக்கு கூசும். மேற்கு மூலை நீலப் பெட்டியின் நம்பரை, ஒரு எண் பிசகாமல், சரியாகச் சொன்னேன்.

 

செப்டம்பர் 7, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தோறும் மோத்தா கடையில் கால்பந்து கேம் போட்டி நடக்கும். நடத்துவது அபி. இன்று பாதியில் திரும்பி வந்துவிட்டாள்.

“ஆளே வரல மாமா. எல்லாரும் வெளிய நின்னு இதத்தான் கேட்டுக்கிட்டு நிக்காங்க.” போனை நீட்டினாள். என் குரல். போனில் கேட்டால் என் குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறது, இது எனக்கு இதுவரை தெரியாது.

“மோத்தா அங்கிள் அப்படிப்பட்டவரா மாமா? மெஷின் வாங்க முடியாத பயலுவளுக்கெல்லாம் அவர் கடையிலதான ஓசியில விளையாட்டு? விலை ஏறுனதுல முதல்ல அடி வாங்குனது அவருதான்.”

“மனுஷன் மனச யாரு கண்டா?”

“இந்த ‘எழுதி வச்சுக்கோங்க’ங்கிறவரு யாருன்னு தெரியுதா?”

“ஊர்ல ஆயிரம் பேரு சொல்லுவான்.”

என்னையே பார்த்தாள். பிறகு கீழே போய்விட்டாள். நான் துணி துவைத்தேன். துவைத்த சட்டையையே மறுபடி துவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் போனில் நான் பேசிக்கொண்டிருந்தேன், அதே வாய்ஸ். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். புழுதி.

“இவன மாதிரி பதுக்குதவனாலதான் பருப்பு விலையும் ஏறுது” என்றான் டிரைவர். “பிடிச்சுக் கட்டி வச்சு உரிக்கணும்.”

ஒரு பெட்டி என்று நான் சொன்னது இப்போது மூன்று பெட்டி ஆகிவிட்டது. மோத்தா கடைக்குக் கீழே பாதாள அறை இருக்கிறதாம். கடல் வழியாக ராத்திரியில் வள்ளத்தில் வருகிறதாம். நான் சொல்லாததையெல்லாம் சேர்த்திருக்கிறார்கள். சேர்க்கிறதற்கும் ஒரு அளவு வேண்டாமா? நான் சேர்த்தால் கேட்கிறவனுக்குச் சந்தோஷம், அதோடு முடிந்தது. இவர்கள் சேர்த்ததில் மோத்தா வீட்டுப் படம் இருக்கிறது. அவருடைய ஸ்கூட்டர் நம்பர் இருக்கிறது.



செப்டம்பர் 9, செவ்வாய்

ரெக்ஸனுக்கு போன் செய்து அந்த வாய்ஸை அழிக்கச் சொன்னேன். “அண்ணாச்சி, அது இப்ப திருச்சி தாண்டிட்டு” என்று சிரித்தான்.

செப்டம்பர் 10, புதன்

நீலப் பெட்டியில் இருந்தது பச்சை முந்திரிக்கொட்டை. இன்று காலை அதை ஏற்றிப் போன லாரியைப் பைபாஸில் பத்துப் பதினைந்து பயல்கள் மறித்துச் சீலை உடைத்திருக்கிறார்கள். மூட்டையைக் குத்திப் பார்த்து, முந்திரி என்று தெரிந்ததும், “மாத்திட்டான்டா” என்று கத்திக்கொண்டே ஓடியிருக்கிறார்கள். டிரைவருக்கு மண்டையில் தையல்.

மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். “இந்த நம்பர் வெளிய போயிருக்கு. வெளி ஆளு எவனுக்கும் இப்படிப் படிக்க வராது. எழுத்தையும் எண்ணையும் இழுத்து நிறுத்திப் படிக்கான் பாருங்க, இது நம்ம ஆளு” என்று போனைப் போட்டுக் காட்டினார். அப்புறம் ஒவ்வொருவரையும் அதே நம்பரைப் படிக்கச் சொன்னார்.

எனக்கு முன்னால் நாலு பேர். நாலு பேரும் படித்து முடிப்பதற்குள் எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்துவிட்டது. என் முறை வந்ததும் இருமினேன், தும்மினேன், மூக்கால் படித்தேன்.

“என்னய்யா ஆச்சு உனக்கு?”

“சளி சார். ஒரு வாரமா.”

“நேத்து கேன்டீன்ல பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த?”

“அதுலதான் சார் தொண்டை போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை போலீசில் கொடுப்பேன் என்றார்.

எனக்குப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கை நடுங்குவது வெயிலில் நின்றதால்.

செப்டம்பர் 12, வெள்ளி

மோத்தா வீட்டுக்கு வந்தார்.

கீழே அக்கா “வாங்கண்ணே” என்று சொன்னது கேட்டது. எனக்கு மாடிச் சுவர் ஏறிக் குதிக்கலாமா என்று தோன்றியது. அபி அவருக்கு நாற்காலி போட்டாள். ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்திருந்தார். நாலு நாள் சவரம் செய்யாத முகம். 

“தம்பி, உங்கள விட்டா எனக்கு ஹார்பர்ல ஆளு தெரியாது” என்றார். “அங்க எவனோ ஒருத்தன் என்னப் பத்தி இல்லாததச் சொல்லியிருக்கான். வீட்டுக் கதவுல சாணி அடிக்கானுவ. மருமக பிள்ளத்தாச்சி, அவள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டேன். கடைய மூடுனா ‘ஆமா, பதுக்கினான்’னு ஆயிரும். திறந்தா என்ன செய்வானுவளோ. நீங்க உள்ள இருக்கீங்க. ஆளு யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஒரே ஒரு வார்த்த, ‘தெரியாமச் சொல்லிட்டேன்’னு அதே குரல்ல சொன்னாப் போதும்.”

அக்கா, “இவன் கண்டுபிடிச்சிருவான்ணே, இவனுக்குத் தெரியாத ஆளு ஹார்பர்ல கிடையாது” என்றாள். ஜூலையில் கை தட்டிய அதே பெருமையில்.

அபி சமையல்கட்டு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாக்குதேன் அண்ணாச்சி” என்றேன். “மேலிடத்துல பேசுதேன்.”

மோத்தா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் போன பிறகும் கை ஈரமாக இருந்தது. மக்ரூன் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

குரூப்பில் வந்துவிட்டது. நாளை சாயங்காலம் நாலு மணி, மோத்தா கடை முன். ‘கடையை உடைத்துப் பார்ப்போம். விலை குறையும்வரை விடமாட்டோம்.’

ஐஸ் கம்பெனிக்கே போனேன். ரெக்ஸனைத் தனியாகக் கூப்பிட்டு, “ஒரு வேளை நான் பாத்தது வேற ஆளு பெட்டியா இருக்குமோன்னு ஒரு இது” என்றேன்.

“மிரட்டுனானா அண்ணாச்சி உங்கள?”

“இல்லல, நான் என்ன சொல்லுதேன்னா…”

“அவன் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனது எங்களுக்குத் தெரியும். நீங்க பயப்படாதிய. உங்க பேரு வெளிய வராது.” ஐஸ் தூக்கிச் சிவந்த கையால் என் தோளைத் தட்டினான். “ஆறு மாசமா ஒவ்வொரு கேமா விலை ஏறும்போதெல்லாம் யாரப் போய்க் கேக்குததுன்னு தெரியாம இருந்தோம். அமெரிக்காக்காரன நான் எங்க போய்ப் பிடிக்க? நீங்கதான் அண்ணாச்சி ஒரு ஆளக் கையக் காட்டுனிய.”

மூன்று வார்த்தை போதும், ‘நான் பொய் சொன்னேன்’. தொண்டை வரை வந்தது. பக்கத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்ற பிறகு சொல்லலாம் என்று நின்றேன். அது நிற்கவில்லை. வந்துவிட்டேன்.

வீட்டில் அபியிடம், “நாளைக்குப் போகாத பிள்ள. ஜாதகத்துல உனக்கு நாளைக்கு ஆவாது” என்றேன்.

“போட்டி இருக்கு. அவர் தனியா இருப்பாரு.” இப்போதெல்லாம் பேச்சின் முடிவில் ‘மாமா’ என்று சேர்ப்பதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலை. அபி கிளம்பிவிட்டாள். வண்டிச் சாவியை நான் ஒளித்து வைத்தேன். நடந்தே போய்விட்டாள்.

சாயங்காலம். எல்லாம் முடிந்துவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்றரைக்கே போய்விட்டேன். ஹெல்மெட் போட்டிருந்தேன். தெருவில் கால் வைக்க இடமில்லை. பாதிப் பேர் முகம் தெரிந்த பயல்கள். சின்னப் பிள்ளையில் என் தோளில் உட்கார்ந்து சப்பரம் பார்த்தவர்கள். மீதிப் பேர் யாரென்றே தெரியாது, அவர்கள் எந்தக் கேமும் விளையாடுகிற முகமாக இல்லை. ஒரு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி என் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். “எழுதி வச்சுக்கோங்க” என்று நான் சொல்லி முடிக்கும்போதெல்லாம் கூட்டம் ஓ என்று கத்தியது. என் பேச்சுக்கு இத்தனை பேர் கத்தி நான் கேட்டதே இல்லை. எதிர்ப்பக்கத்து ஏ.டி.எம். வாசலோரம் ஒதுங்கினேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே மோத்தாவும் அபியும் மட்டும். முதல் கல் போர்டில் பட்டது. இரண்டாவது கல் ஷட்டருக்கு அடியில் போய் உள்ளே கண்ணாடி உடைந்தது. மோத்தா வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். அவர் நெற்றியில் ஏதோ பட்டு ரத்தம் வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

என் போன் அடித்தது. அபி. எடுத்தேன். “மாமா, எங்க இருக்கீங்க?” ஒரு வாரத்துக்குப் பிறகு மாமா என்றாள்.

அப்போது எனக்குள் ஏதோ ஒன்று எழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டினேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்து கடைப் படியில் ஏறி நின்றேன். ஒரு கையை உயர்த்தினேன். யாரோ குழாயை நிறுத்தினார்கள்.

அங்கே பேசிய பேச்சு இது, வார்த்தை மாறாமல்: “அந்தக் குரல் சொன்னது பொய்யி. லாரிய உடைச்சியளே, முந்திரியத் தவிர என்ன இருந்துச்சு? விலை ஏறுனது நெசம். உங்க வயித்தெரிச்சல் நெசம். எனக்கும் அது இருக்கு. ஆனா ஏத்துனவன் இந்தத் தெருவுல இல்ல. அவன் கைக்கு எட்டலன்னு எட்டுன ஆள அடிக்கிய. இந்த மனுஷன் கடைய உடைச்சா நாளைக்கு நீங்க எங்க போய் விளையாடுவிய?”

 முன்னால் நின்ற முகம் தெரியாத ஒருத்தன், “அப்ப எங்களக் கேணப்பயலுவ ஆக்குனியளோ” என்று கேட்டு ஓங்கி ஒரு அறை விட்டான். இடது கன்னம். பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். படியிலிருந்து விழவில்லை. கன்னத்தில் கை வைக்கவும் இல்லை. அப்படியே நின்றது கண்டு கூட்டத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. ரெக்ஸன் பாய்ந்து வந்து அடித்தவனைப் பிடித்துத் தள்ளினான். படம் பிடித்துக்கொண்டிருந்தவன் போனைப் பிடுங்கி அழித்தான். ஒவ்வொருத்தராகக் கலைந்தார்கள்.

மோத்தாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இதை எழுதி முடிக்கும்வரை கை நடுங்கவில்லை. அந்த அளவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

அபி ஆபீசுக்கு லீவு. பல் வலியாம். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். அக்கா கிராம்புத் தைலத்தோடு அலைகிறாள். நான் கடையில் ஐஸ் வாங்கிக் கொடுத்தேன். கதவைத் திறந்து வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இடது பக்கம்.

கீரைக்காரம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இங்கே எழுதியபடியே சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். புரோட்டாக் கடைப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

மோத்தாவுக்கு ஆறு தையல். பிரஷர் இறங்கவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள். கடை வாசலில் கண்ணாடித் தூள் அப்படியே கிடக்கிறது. ரெக்ஸன் ஒற்றை ஆளாகக் கூட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். விளக்குமாற்றை நிறுத்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அண்ணாச்சி” என்று சொல்லவில்லை.

மேனேஜர் போலீசில் கொடுத்தாரா இல்லையா தெரியவில்லை, மறுபடி நம்பர் படிக்கச் சொல்வாரோ என்று பயந்து நான் இன்றும் மூக்கால் பேசினேன். பக்கத்து டேபிள்காரன், “இன்னுமா சளி?” என்றான். ஒவ்வொரு தடவை டெலிபோன் அடிக்கும்போதும் நாற்காலியிலிருந்து அரை அடி எழுந்துவிடுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா மூன்று பேருக்கும் ஒன்றாக இலை போட்டாள். வழக்கமில்லாத வழக்கம். அயிரை மீன் குழம்பு. எனக்குத்தான் முதல் கரண்டி.

“கீரைக்காரி சொன்னா” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. “மோத்தா அண்ணன் கடப் படில ஏறி நின்னு, நான்தான் பொய் சொன்னேன்னு ஊரு முன்னால சொன்னியாமே. அடி வாங்குனியாமே. நெசமால தவசி? அந்த வாய்ஸு நீ போட்டதுன்னு கேட்டதும் எனக்கு உசுரே போச்சு. ஆனா பொய் சொன்னவன் ஏறி நின்னு ஒத்துக்கிட்டானே, அதுக்கு எத்தன நெஞ்சு வேணும்.”

நான் சோற்றைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன்.

“நீயும் அங்கதான பிள்ள இருந்த? மாமா வந்தானா?” என்று அபியைக் கேட்டாள்.

அபி முகத்துணியை எடுத்துவிட்டிருந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. விளக்கு வெளிச்சம் அந்தப் பக்கம் படாமல் உட்கார்ந்திருந்தாள். வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

“ஆமாம்மா. மாமாதான் ஏறிச் சொன்னாங்க.”

இருபத்திநாலு வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. எனக்கு அப்படி ஒருநாளும் வந்ததில்லை. அக்கா என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அதையும் தின்றேன்.

நாளைக்கோ மறுநாளோ அக்காவுக்குத் தெரிந்துவிடும். தெருவே பார்த்திருக்கிறது.  அதற்கு முன்னால் ஒரு இடத்திலாவது சரியாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். கூட்டம் நிஜம். கல் நிஜம். மோத்தா நெற்றி நிஜம். பேச்சும் வார்த்தைக்கு வார்த்தை நிஜம், படிக்குப் பக்கத்தில் நின்ற பயலை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதியது, நான் ஒன்றும் சேர்க்கவில்லை. முதலில் வந்த ஒரு வரியை மட்டும் விட்டிருக்கிறேன்: “அது எங்க மாமா குரல். அவங்க கெட்டவங்க இல்ல, கூடக் கொஞ்சம் சேத்துப் பேசுவாங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.”

ஒன்றே ஒன்றுதான் நான் சேர்த்தது. படியில் ஏறியவன் நானில்லை. ஏறியது அபி. அறையும் அவளுக்குத்தான். அவள் போன் செய்தபோது நான் எடுக்கவில்லை. எதிர்ப்பக்கத்து ஏ.டி.எம். அறைக்குள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். பட்டாசு மாதிரிச் சத்தம் என்று எழுதியிருக்கிறேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.